பாலித்தீன் பிரிக்காத முன்சீட்டு

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குக் கலா போன் செய்தார். நான் வேலை பார்த்த புதுக்கோட்டைக் கார் ஷோரூமில் வரவேற்பு மேசையில் சேர்ந்து, இன்று அங்கே விற்பனை மேலாளராக இருப்பவர்.

"அண்ணே, புது வண்டி எறங்கியிருக்கு. மூணு வரிசை, பெரிய வண்டி. நீங்க நோட்டுல எழுதுவீங்கள்ல, அந்த மாதிரி ஒரு பக்கம் எழுதித் தாங்க. சேல்ஸ் பசங்களுக்குப் படிச்சுக் காட்டணும். ஒருத்தனும் பின்சீட்டுல ஏறிப் பாக்க மாட்டேங்கிறான். டேப்லெட்டத் தட்டிக்கிட்டே நிக்கிறான்."

"வாரேன்" என்றேன்.

"இன்னொண்ணு. குன்றாண்டார்கோவில் கருப்பையா ஐயா குடும்பத்தோட வந்திருக்காரு. வண்டிய மாத்தப் போறாராம். 'அந்த ஒசரமான ஆளு எங்க?'ன்னு ஒங்களத்தான் கேக்குறாரு. நீங்க வராம வண்டியத் தொட மாட்டேன்னு உக்காந்திருக்காரு."

ஓய்வு பெற்று ஒரு வருடம் நான்கு மாதம் ஆகிறது. வயது ஐம்பத்தாறு. முதுகுத்தண்டு ஒத்துழைக்காததால் முன்கூட்டியே விலகிக்கொண்டேன். "என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்ட மருத்துவரிடம், "கார்ல கடைசி வரிசைல உக்காருற வேலைங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

ஸ்கூட்டரை எடுப்பதற்கு முன் அலமாரியில் எட்டு வருடத்துக்கு முந்தைய நாட்குறிப்பைத் தேடி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதற்குள் ஒரு தாள் இருந்தது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் சேதுராமன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் டிராக்டர் கம்பெனியில் உதிரிபாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்து, பிறகு இந்த ஷோரூமில் டெலிவரிப் பிரிவுக்கு வந்தவன். மூன்று மாதப் பயிற்சியில் எஞ்சினின் குதிரைத்திறன், டயரின் அளவு எல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தேன். மேலாளர் சேதுராமன் சார் ஒரு நாள் முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிய்யா. ஒன் பெண்டாட்டி இதுல எந்தச் சீட்டுல உக்காரும்?" என்றார்.  என் படிப்பு அன்றுதான் தொடங்கியது.

புதிய வண்டி ஒன்று லாரியிலிருந்து இறங்கினால் சார் எவரையும் ஸ்டியரிங் பக்கம் விடமாட்டார். "டிரைவர் சீட்டுல உக்காந்தவன் பொய் சொல்லுவான்யா. பின்னாடி போ" என்பார். கடைசி வரிசையில் தொடங்கி முன்னால் வர வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே திருவரங்குளம் போய்த் திரும்ப வேண்டும். வழியில் உள்ள வேகத்தடை ஒவ்வொன்றிலும் தலை கூரையில் முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கலா புடவையோடு பின்வரிசைக்கு ஏறி இறங்க வேண்டும். "புடவையோட ஏறிப் பாக்காத வண்டிய நல்ல வண்டின்னு எழுதாத" என்பது சாரின் கட்டளை. டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் குடமும் மூன்றடுக்கு டிபன் கேரியரும் வைத்து, கதவு சாத்துகிறதா என்று பார்ப்போம். இத்தனையும் முடித்த பிறகுதான் நோட்டில் ஒரு பக்கம் எழுதலாம். கம்பெனி அச்சடித்து அனுப்பும் புத்தகத்தை அதற்கு முன் பிரித்துப் படித்துவிட்டால் அன்றைக்கு சார் பேசமாட்டார்.

வாங்க வருகிறவர்களுக்கு ஒரு தாள் வைத்திருந்தார். அரைத்தாளில் வண்டியை மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்து, இருக்கைக்கு ஒரு கட்டம் போட்டிருக்கும். எந்தக் கட்டத்தில் யார் என்று வாங்குகிறவர் தம் கையாலேயே பெயர் எழுத வேண்டும். எழுதப்பட்ட ஆள் வந்து அந்த இடத்தில் கால்மணி நேரமாவது உட்கார்ந்தால்தான் நான் டிக் போடுவேன். ஒரு கட்டம் டிக் இல்லாமல் இருந்தாலும் வண்டியை டெலிவரி கொடுக்க சார் சம்மதிக்கமாட்டார். "காசு குடுக்குறவரு ஒருத்தரு. குலுங்கிக்கிட்டுப் போறவங்க ஆறு பேரு. அவங்களக் கேக்காம எப்படிய்யா விப்ப?" முதலாளி இதனால் பலமுறை சாருடன் சண்டை போட்டிருக்கிறார். ஆனால் எங்களிடம் வாங்கிய குடும்பம் அடுத்த வண்டிக்கும் எங்களிடமே வந்தது. அதனால் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை கருப்பையா ஏழு பேர் வண்டி கேட்டு வந்தார். குன்றாண்டார்கோவில் பக்கம் விவசாயம். மடித்துக் கட்டிய வேட்டி, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி. கூட மனைவி பொன்னம்மாள், மகள் சாந்தி, மருமகன், பேரன், பேத்தி. அவரிடம் தாளைக் கொடுத்தேன். ஓட்டுநர் இடத்தில் மருமகன். அவருக்குப் பக்கத்தில் தன் பெயர். நடுவில் மனைவி, மகள், பேத்தி. கடைசி வரிசையில் பேரன். கடைசிக் கட்டத்தில், பேனாவைச் சற்று நிறுத்தி, 'செல்வம்' என்று எழுதினார்.

வந்தவர்கள் ஆறு பேர். பெயர் ஏழு. நான் எண்ணிப் பார்க்கிறவன்.

"செல்வம் யாருங்கய்யா?"

"சின்னவன். குவைத்துல இருக்கான்."

"எப்ப வருவாங்க?"

"வருவான்."

 பொன்னம்மாள் தாளை எட்டிப் பார்த்தார். "பின்னாடியா போட்டிருக்கீங்க அவன? ஆறடிப் பய. முட்டி இடிக்காது? இன்னும் பள்ளிக்கூடத்துப் பயன்னு நெனப்பா?"

"ஒக்காரலாம், ஒக்காரலாம்."

"ஒக்காரலாமா? தம்பி, நீங்க எங்க செல்வம் ஒசரம் இருக்கீங்க. நீங்க ஏறி உக்காந்து சொல்லுங்க. இவரு சொன்னாக் கேக்க மாட்டாரு."

என் உயரம் ஐந்தடி பதினொன்று. ஏறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் முன் இருக்கையில் அழுந்தின. வண்டியை விற்க வேண்டிய மாதக் கடைசி அது. ஆனாலும், "ஊர்லேருந்து புதுக்கோட்டை வரைக்கும்னா தாங்கும்ங்கய்யா. அதுக்கு மேல வலிக்கும்" என்றேன்.

 கருப்பையா தாளைத் திரும்ப வாங்கினார். முன்னால் இருந்த தன் பெயரை அடித்துவிட்டு அங்கே 'செல்வம்' என்று எழுதினார். கடைசி வரிசையில் மகன் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார்.

"இப்பச் சரியா இருக்கா?" என்று மனைவியைக் கேட்டார்.  அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். மகள் சாந்தி தன் போனில் அந்தத் தாளைப் படம் எடுத்தாள். "தம்பிக்கு அனுப்புறேன்மா" என்று தாயிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

அப்போது எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மகன் ஆவூர்ப் பெண் ஒருத்தியை விரும்பியிருக்கிறான். தகப்பனார் மறுத்திருக்கிறார். அவன் கல்யாணம் செய்து அவளையும் குவைத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். தாயோடு போனில் பேசுவான். தகப்பனாரோடு பேச்சில்லை. இதை டீ கொடுக்கப் போன கலாவிடம் பொன்னம்மாள் சொல்லியிருந்தார்.

டெலிவரி நாளில் ஆறு டிக். ஏழாவது காலி. நான் தாளை சாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். கருப்பையா கடைசி வரிசையில் ஏறி உட்கார்ந்தாயிற்று. முன்னால் இடது இருக்கை காலி.

"இந்த டிக் விதியெல்லாம் நமக்குத்தான்யா. அவருக்கு இல்ல" என்றார் சார். "வண்டியக் குடுத்து அனுப்பு. தாள ஃபைல்ல போடாத. ஒன் டைரில வச்சுக்க. முடியாத தாளு."

அதன்பின் நான் ஒரு தவறு செய்தேன். முதல் சர்வீசுக்கு வண்டி வந்தபோது இருக்கைகளின் பாலித்தீன் உறையை எடுத்துவிடுவது எங்கள் முறை. புது வண்டியின் உறையைக் கிழிக்க எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மனம் வராது. வியர்த்துக் கொட்டினாலும் அதன்மேலேயே உட்கார்ந்து போவார்கள். அந்த வண்டியில் மற்ற ஆறு இடத்திலும் உறை ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. முன் இடது இருக்கையில் மட்டும் சுருக்கமில்லாமல் இருந்தது. பட்டியலில் அந்த வேலை இருந்ததால் நானே கிழித்து எடுத்தேன்.

வண்டியை எடுக்க வந்த கருப்பையா கதவைத் திறந்ததும் நின்றுவிட்டார்.

"அத எதுக்குத் தம்பி எடுத்தீங்க?"

"எடுக்குறது முறைங்கய்யா. வெயில்ல சூடாகும்."

"அதுல யாரும் உக்காரலையே. எப்படிச் சூடாகும்?" அவர் குரலை உயர்த்தவில்லை. "அவன் வந்து கிழிக்கட்டும்னு வச்சிருந்தேன்."

ஸ்டாக் யார்டுக்குப் போய், டெலிவரிக்குக் காத்திருந்த வேறொரு வண்டியின் முன் இருக்கை உறையைக் கிழியாமல் கழற்றி வந்தேன். அதை மாட்டி, பின்பக்கம் நான்கு இடத்தில் டேப் ஒட்ட முக்கால் மணி நேரம் ஆனது. கருப்பையா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் உறையை ஒருமுறை தடவிவிட்டு, பின்னால் போய் ஏறிக்கொண்டார். அந்த ஏழாவது கட்டம் அன்றைக்குப் பிறகு என் கட்டம் ஆகிவிட்டது. சர்வீசுக்கு வண்டி வரும் ஒவ்வொரு முறையும் வேலையை விட்டுவிட்டு வாசலுக்குப் போய்ப் பார்ப்பேன். மருமகன் ஓட்டிவருவார். முன்னால் காலி. கடைசி வரிசைக் கண்ணாடியில் கருப்பையாவின் முகம். என் நாட்குறிப்பில் பதினான்கு இடத்தில் ஒரே வரி இருக்கிறது: 'கு.கோவில் வண்டி வந்தது. உறை அப்படியே.'

சேதுராமன் சார் இப்போது இல்லை. கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோதும், "அந்தத் தாளு முடிஞ்சுதாய்யா?" என்றுதான் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பழைய வண்டி பக்கவாட்டில் நின்றது. மாற்று வண்டிகளுக்கு மதிப்புப் போடும் பையன் என்னிடம் சிரித்துக்கொண்டே வந்தான். "அண்ணே, இந்த வண்டி எட்டு வருசம் ஓடியிருக்கு. லெஃப்ட் சீட்டு மட்டும் இன்னைக்கு எறங்குன மாதிரி இருக்கு. மாமனாருக்கும் மருமகனுக்கும் ஆகாதோ?"

"வேலயப் பாருப்பா" என்றேன்.

உள்ளே கருப்பையா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நடை தளர்ந்திருந்தது. பொன்னம்மாளும் சாந்தியும் மருமகனும் இருந்தார்கள். பேரன் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருக்கிறானாம், பேத்தி கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாளாம்.

"மொதல்ல நீங்க ஏறிப் பாருங்க. நீங்க சொன்னாத்தான்" என்றார்.

புது வண்டியின் பக்கத்தில் போனதும் ரப்பரும் பசையும் கலந்த அந்த வாசனை வந்தது. ஒரு வருடம் நான்கு மாதமாக நான் எதைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கீழ்ப்படியின் உயரத்தைக் கையால் அளந்தேன், இரண்டு சாண். கதவு கனமாக, அடங்கிய சத்தத்தோடு சாத்தியது. நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு இருக்கை. நடுவே ஒரு ஆள் நடந்து போகும் வழி. யாரையும் எழுப்பாமல், எதையும் மடக்காமல் கடைசி வரிசைக்குப் போக முடிந்தது. அங்கே என் முட்டிக்கும் முன் இருக்கைக்கும் நடுவில் நான்கு விரல் இடம். தலைக்கு மேல் மூன்று விரல். ஏசிக் காற்று நேராக நெற்றியில் பட்டது. குடமும் கேரியரும் இல்லாததால் டிக்கியைச் சோதிக்க முடியவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

அங்கேயே, கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருந்தேன். இறங்க மனமில்லை. பொன்னம்மாள் நடுவழியாக வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீங்க எழுதச் சொன்ன தாள சாந்தி படம் புடிச்சு அவனுக்கு அனுப்புச்சுல்ல? அதுக்கு அவன் ஒரே வரிதான் எழுதியிருந்தான். 'இதுல அவளுக்கு எடம் எங்க?'ன்னு."

நான் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். ஏழு கட்டம், ஏழு பெயர். மகள், மருமகன், பேரன், பேத்தி எல்லாரும் இருந்தார்கள். கல்யாணமான மகனுக்கு ஒரே ஓர் இடம். ஆள் எண்ணிக்கையைச் சரிபார்த்த நான் அதைக் கேட்கவே இல்லை. ஏழு பெயர் ஆறு பேருக்கு அதிகம் என்றுதான் பட்டதே தவிர, ஒன்று குறைகிறது என்று படவில்லை.

"இவருகிட்ட சொல்லல. சொன்னா ஒடைஞ்சு போவாருன்னு நானும் சாந்தியும் மறைச்சு வச்சோம். போன மாசம் இவரு, 'முன்சீட்டையே விட்டுக் குடுத்தேன், அப்பவும் வரல பாரு'ன்னு பொலம்புனாரு. பொறுக்க மாட்டாமச் சொல்லிட்டேன். மூணு நாளு பேசல. நாலாம் நாளு, வண்டிய மாத்தணும்ங்கிறாரு. வண்டிய மாத்துனாப் போதுமா, மனச மாத்த வேணாமான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'அதுக்குத்தான் வண்டி'ன்னாரு."

இறங்கி வந்தேன். டேப்லெட்டில் இருக்கைத் தாள் இல்லை. என் நாட்குறிப்பின் அன்றைய பக்கத்தில் ஆறு கட்டம் வரைந்து கருப்பையாவிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஓட்டுநர் இடத்தில் மருமகன். பக்கத்தில் செல்வம். நடுவில் பொன்னம்மாள். அதற்கு அடுத்த கட்டத்தில், யாரிடமும் கேட்காமல், 'அருள்மேரி' என்று முழுப் பெயரையும் எழுதினார். கடைசி வரிசையில் தானும் சாந்தியும்.

"என்னையக் கடைசிக்குத் தள்ளிட்டீங்களாப்பா?" என்றாள் சாந்தி.

"நான் எட்டு வருசம் உக்காந்தேன். நீ இப்பத்தான உக்காரப் போற."

நான்கு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். நான்கு டிக் போட்டேன். செல்வத்தின் இடத்தில் நானே உட்கார்ந்து இருக்கையைப் பின்னால் தள்ளி அளவு பார்த்தேன். ஆள் வராதபோது அதே உயரமுள்ள ஒருவரை உட்காரவைத்துப் பார்ப்பது சார் காட்டிய வழிதான். ஆனால் அதற்கு டிக் கிடையாது.

"அருள்மேரி என்ன ஒசரங்கய்யா?" என்று கேட்டேன்.

 சாந்தி அம்மாவைப் பார்த்தாள். போனில் முகம் பார்த்திருக்கிறார்கள். நின்று பார்த்ததில்லை.

"நான் உக்காந்து பாக்குறேண்ணே, சும்மா ஒரு அளவுதான" என்றார் கலா.

"வேணாம்" என்றார் கருப்பையா. கடைசி வரிசையிலிருந்து இறங்கி வந்து மனைவியிடம் கையை நீட்டினார். "போனக் குடு."

அம்மாவின் எண் என்பதால் அந்தப் பக்கம் உடனே எடுத்திருக்க வேண்டும்.

"நாந்தான்ப்பா." இடைவெளி. "இல்ல, இல்ல, அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. இங்கதான் இருக்கா." மறுபடி இடைவெளி. அவர் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கணும். அருள்மேரி என்ன ஒசரம்?"

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று தெரியாது.

"புது வண்டிக்கு. சீட்டு அளவு வைக்கணும்னு கேக்குறாரு. ஆமா, அந்த ஒசரமான ஆளு. ஆமாப்பா, அதுக்கும் ஒரு சீட்டு. நடுவுல, ஒங்கம்மா பக்கத்துல." பிறகு நிமிர்ந்தார். போன் அவள் கைக்கு மாறியிருக்க வேண்டும், அவர் குரலும் மாறியது. "ம்... நல்லாருக்கேம்மா. நீ நல்லாருக்கியா? சாப்பிட்டியா? என்னது, அஞ்சடி ஒண்ணா? அட, ஒங்க அத்த ஒசரந்தான் நீயும்."

பொன்னம்மாள் அதைக் கேட்டதும் யாரும் சொல்லாமலே தன் இடத்திலிருந்து எழுந்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். "தம்பி, கொஞ்சம் முன்னால தள்ளுங்க. கால் எட்டல" என்றார். இருக்கை நகரும் தண்டவாளத்தில் இரண்டு பல் முன்னால் தள்ளினேன். பெல்ட் அவர் கழுத்தில் உராயாமல் தோளில் படிந்தது. நாட்குறிப்பில் எழுதினேன்: 'நடு வரிசை, வலது. இரண்டு பல் முன்னால்.'

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கருப்பையா வெளியே நடந்தார். நான் கூடப் போனேன். பழைய வண்டியின் முன்கதவைத் திறந்தார். உறை மஞ்சளித்து மொடமொடப்பாகிவிட்டிருந்தது.

"நீங்க போட்டது. நீங்களே எடுத்துருங்க."

தொட்டதுமே துண்டு துண்டாக வந்தது. பின்பக்கம் நான் ஒட்டிய நான்கு டேப்பும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

கலா ஆர்டர் படிவத்தோடு வந்தார். "ஐயா, டெலிவரி இந்த மாசக் கடைசிக்குள்ள போட்டுறலாங்களா? இருபத்தெட்டு நல்ல நாளு."

அது மாதக் கணக்கைக் காப்பாற்றும் தேதி என்று எனக்குத் தெரியும். நானும் அப்படிக் கேட்டவன்தான்.

கருப்பையா என்னைப் பார்த்தார். "ரெண்டு கட்டம் டிக் இல்லாம வண்டி வெளிய விட மாட்டீங்கதான தம்பி?"

"விட மாட்டோங்கய்யா."

"அப்பத் தேதி போடாதீங்கம்மா" என்றார் கலாவிடம். "அவங்களுக்கு எப்ப லீவுன்னு கேட்டுச் சொல்றேன்."

கலா என்னைப் பார்த்தார்.  டெலிவரி தேதி என்ற இடத்தைத் தாண்டி அடுத்த வரியில் கையெழுத்து வாங்கினார்.

கலா கேட்ட பக்கத்தை அன்று மாலையே எழுதி முடித்தேன். ஏறும் உயரம், கால் இடம், காற்று, நடுவழி எல்லாம் அதில் இருக்கின்றன. அதன் கடைசி வரியில், ஷோரூமில் நிற்கும் அந்த வண்டியின் நடு வலது இருக்கையை எவரும் நகர்த்தக் கூடாது என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.